பத்தாவது பாட்டில்

டூலோ அண்ணனின் இடது கையில், முழங்கை மடிப்புக்கு ஒரு விரற்கடை கீழே, ஒரு நல்ல நரம்பு இருந்தது. இருபத்தேழு வருஷம் பயணிகள் ஜீப்னி வண்டி ஓட்டிய கை. ரப்பர் பட்டையைக் கட்டியதும் அது தானாகவே எழுந்து நிற்கும். ஒன்பது வருஷமாக நான் குத்தாத கை இல்லை. இவ்வளவு சுலபமான நரம்பை நான் பார்த்ததில்லை. அந்தச் சுலபம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊசி இரண்டு தடவை தவறியிருந்தால், "இன்னிக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்க" என்று சொல்ல ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

"என்ன ஃபெமி, கையப் பிடிச்சுக்கிட்டு ஜோசியமா பாக்குற? குத்து," என்றாள் அக்கா.

குத்தினேன். அது அவருடைய ஏழாவது பாட்டில்.

பிலிப்பைன்ஸின் நாகா நகரில் எங்கள் நிலையத்துக்குப் புது ரத்தம் என்று பெயர். சாய்வு நாற்காலிகள் பதினைந்து. ஒரு டிவி. பாடுவதற்கு மைக்கும் பெட்டியும். நாற்காலிக்கு நாற்காலி ஒரு பாட்டில் தொங்கும். மூன்று மணி நேரம் சொட்டும். அந்த மூன்று மணி நேரத்தில் வாழைப்பழ வறுவல், அவித்த கடலை, ஊர் வம்பு எல்லாம் கைமாறும். பாட்டிலில் இருப்பது ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களைக் கவ்விப் பிடித்துச் சிறுநீரில் வெளியே தள்ளும் மருந்து. மருந்து பொய்யில்லை. மணிலாவில் நர்ஸ் படிப்பு படித்தபோது, பழைய பாட்டரி உடைக்கும் கொட்டகையிலிருந்து வலிப்போடு வந்த ஒரு குழந்தையை இதே வகை மருந்து பிழைக்க வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் நாற்காலிகளில் பாட்டரி உடைப்பவர்கள் யாரும் உட்காரவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை திருமதி அர்போலேடா உட்கார்ந்தார். கப்பலிலிருந்து திரும்பிய மாலுமிகள் உட்கார்ந்தார்கள். இதயத்துக்கு, முழங்காலுக்கு, சர்க்கரைக்கு, மறதிக்கு என்று வந்தார்கள். நரைக்குக்கூட ஒருவர் வந்தார்.

டூலோ அண்ணன் இதயத்துக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மூன்று குழாய்கள் அடைத்திருக்கின்றன, ஒரு மாதத்துக்குள் பைபாஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவர் மனைவி, என் அக்கா ரோசெண்டா, நேராக இங்கே வந்தாள்.

அவளை வரவழைத்தது யாரென்று கேட்டால், நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய பிறந்தநாள் விருந்தில், கையில் தட்டோடு நின்றுகொண்டு, "பழைய குழாய்ல துரு எடுக்கற மாதிரிதான் அக்கா, கத்தியே வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது எங்கள் டாக்டர் மோன்டெமார் தினமும் சொல்லும் வாக்கியம். சொன்னபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கருவாட்டுக்காரியின் தங்கை அன்று ஒரு நிமிஷம் பெரிய மனுஷியாக இருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தை அக்கா மறக்கவில்லை.

இந்த வைத்தியம் பொய்யென்று எனக்கு எப்போது தெரிந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் எழுந்து தெரிந்துகொண்டதாகச் சொன்னால் அது பொய். தெரிந்ததைத் தெரியாத இடத்தில் வைத்திருந்தேன். வீட்டில் உடைந்த கோப்பையை அலமாரியின் பின்னால் தள்ளி வைப்பது போல. பிழைத்தவர்கள் எல்லோரும் வரும்போதே நன்றாக இருந்தவர்கள். செத்தவர்கள் எல்லோரும் 'தாமதமாக வந்தவர்கள்'. கணக்கு வாத்தியார் அபியோக் முப்பது பாட்டில் ஏற்றிக்கொண்டு, கேக் வெட்டி, ஒன்பதாம் நாள் கோவிலில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது கீழே விழுந்தார். டாக்டர் மலர் வளையம் அனுப்பினார். பிறகு எங்களிடம், "முப்பதோட நிறுத்திட்டார், பாவம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அன்று அந்தக் கோப்பையின் சில்லு காலில் குத்தியது. குத்தியும் மறுநாள் வேலைக்குப் போனேன்.

ஆனால் இப்போது நாற்காலியில் இருப்பது டூலோ அண்ணன். எங்கள் அப்பா இறந்தபோது என்னைத் தன் ஜீப்னியின் முன்சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். மருத்துவமனை சொன்ன ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

நான் முதலில் டாக்டரிடம்தான் போனேன். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவருக்கு முதலில் மாத்திரை கொடுப்போம். அதுவும் உலோகத்தைக் கவ்வும் மருந்துதான். அதைப் போட்டபின் ஆறு மணி நேரச் சிறுநீரைக் குடுவையில் பிடித்து அனுப்புவோம். பத்து நாளில் தாள் வரும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கோடு. பச்சையில் நின்றால் நல்லது, சிவப்புக்குப் போனால் விஷம். ஒன்பது வருஷத்தில் பச்சையோடு திரும்பிப் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தாளின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், இந்த அளவுகள் மருந்து உட்கொள்ளாதவர்களுக்கானவை என்று அச்சடித்திருக்கும்.

"டாக், மாத்திரை போடறதுக்கு முன்னாடி ஏன் ஒரு தடவ எடுக்கறதில்ல?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நல்ல பற்கள். "திருடன் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கான், மிஸ் ஃபெமி. விளக்கப் போடாம வீட்டப் பாத்துட்டுத் திருடனே இல்லைன்னு சொல்லுவீங்களா?"

"எல்லா வீட்லயுமா திருடன்?"

"இந்தக் காலத்துல? எல்லா வீட்லயும்தான்." பிறகு பேனாவை மூடினார். "உங்க அக்கா வீட்டுக்காரர நெனச்சுக் கவலப்படறீங்க. புரியுது. கவலப்படற நர்ஸ் ஊசியத் தப்பாக் குத்துவா. வேணும்னா கிளாரிட்டாவப் போடச் சொல்றேன்."

மிரட்டல் என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது அவருக்கும் தெரிந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். அப்படி மெதுவாகச் சாத்தியதற்காக என்னை நானே வெறுத்தேன்.

அடுத்த வாரம், என் விடுமுறை நாளில், நான் என்னையே சோதித்தேன். மாத்திரை போடுவதற்கு முன்னால் ஒரு குடுவை. போட்டபின் ஒரு குடுவை. இரண்டையும் என் பெயரிலேயே அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் தாள்கள் வந்தன. முதல் தாளில் ஈயத்தின் கோடு பச்சைக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் சிவப்பைத் தாண்டி ஓரத்தைத் தொட்டது. ஒரே நாள், ஒரே உடம்பு. எலும்பில் படிந்த கொஞ்சம் ஈயம் யாருக்குத்தான் இல்லை? கவ்வி இழுத்தால் வரத்தான் செய்யும்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதைக் காட்டினால் போதும். அக்கா அதிகம் படிக்காதவள்தான், ஆனால் தராசில் அவளை யாரும் ஏமாற்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் தேங்காய்ப்பாலில் சேம்பிலை கொதித்துக்கொண்டிருந்தது. டூலோ அண்ணன் வெளியே ஜீப்னியின் மூடியைத் திறந்து வைத்து, முக்காலியில் உட்கார்ந்து ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா மிளகாயைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே தாள்களைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"என்னோட ரிசல்ட். ரெண்டும் என்னோடதுதான். இது மாத்திரைக்கு முன்னாடி, இது பின்னாடி. காலைல பச்சை, சாயந்தரம் சிவப்பு. அண்ணனோட தாளும் இதே சிவப்புதான். அந்த மாத்திரைய யாருக்குக் குடுத்தாலும் சிவப்பு வரும் அக்கா. பக்கத்து வீட்டுப் பன்னிக்குக் குடு, அதுக்கும் வரும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள். அவள் முகம் இளகியது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"அடிப்பாவி," என்றாள். "உனக்குமா?"

"என்னது?"

"உனக்கும் ஏறியிருக்கு. இவ்வளவு. அதான் ஒரு வருஷமா இப்படி எரிஞ்சு எரிஞ்சு விழற. ஈயம் மூளைக்கு ஏறினா கோவம் வரும், சந்தேகம் வரும்னு டாக் சொன்னாரு. நான்தான் உனக்கு வயசாவுதுன்னு நெனச்சேன்." உண்மையாகவே கலங்கியிருந்தாள். ஈரக்கையால் என் கன்னத்தைத் தொட்டாள். "நாளைக்கே நீயும் ஒரு பாட்டில் போட்டுக்கோ."

என் வாழ்க்கையில் அவளை அடிக்க வேண்டுமென்று தோன்றிய தருணங்கள் சில உண்டு. அவள் அன்போடு இருந்தபோது தோன்றியது அது ஒன்றுதான்.

"அக்கா, காலைல பச்சையா இருந்துச்சே, அதப் பாரு."

"ஒளிஞ்சிருந்துச்சு. மாத்திரை இழுத்துச்சு. இதுல என்ன புரியல உனக்கு? கூட்டினா குப்பை வருது. வீடு சுத்தமா இருந்தா ஏன் வருது?"

"எந்த வீட்டக் கூட்டினாலும் வரும்."

"அப்பக் கூட்டு!"

நான் கத்தினேன். குழாயில் இருக்கும் அடைப்பு ஈயமில்லை, அது கொழுப்பும் சுண்ணமும் சேர்ந்து இறுகிப்போன கட்டி, இந்தப் பாட்டில் அதைத் தொடக்கூட முடியாது, அண்ணனுக்கு வேண்டியது அறுவை, நாளை கடத்தினால் செத்துப்போவார் என்று கத்தினேன். அவள் அடுப்பை அணைத்தாள். அவள் குரல் தாழ்ந்தால்தான் பயப்பட வேண்டும். சந்தையில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒண்ணு கேக்கறேன் ஃபெமி. ஒன்பது வருஷமா ஊருக்கெல்லாம் குத்தினியே. பொய்யின்னு தெரிஞ்சு குத்தினியா, தெரியாமக் குத்தினியா?"

நான் தாள்களை எடுத்து மடித்தேன்.

"தெரிஞ்சுன்னா நீ திருடி. தெரியாமன்னா நீ முட்டாள். எதுன்னு சொல்லு. என் கருவாட்டு நாத்தத்துல படிச்சு நர்ஸ் ஆனவ நீ, அதத் தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இருக்கு."

தேங்காய்ப்பால் ஆறி ஏடு கட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டில் எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்கிறவளின் பேச்சை நம்பி யார் தன் கணவனின் நெஞ்சைப் பிளக்கக் கொடுப்பாள்?

"அவருக்கு நல்லாயிட்டு வருது. என் கண்ணால பாக்கறேன். உனக்குத்தான் பொறாமை," என்றாள் அக்கா. "புருஷன் இல்லாதவளுக்கு அடுத்தவ புருஷன் பொழைக்கறது பொறுக்காது."

வெளியே வந்தேன். டூலோ அண்ணன் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கையில் எண்ணெய்த் துணி.

"உக்காரு," என்றார். "இந்த கார்புரேட்டரப் பாரு. பளபளன்னு இருக்கா? ரெண்டு மாசமா இதத்தான் தொடைக்கறேன். வண்டியில பிஸ்டன் போயிருச்சு. அதப் பிரிக்கணும். பிரிச்சா என்னென்ன வருமோன்னு பயம். அதனால இதத் தொடைக்கறேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"நான் டிரைவர்மா. இஞ்சின் சத்தம் தெரியாதா?" துணியை மடித்தார். "எங்க அண்ணன் ஆபரேஷன் மேசையிலயே போயிட்டான். காலைல சிரிச்சுக்கிட்டே உள்ள போனான். திருப்பிக் குடுக்கும்போது நெஞ்சுல தையல் போடக்கூட நேரமில்லாம பிளாஸ்டர் ஒட்டியிருந்தாங்க. உங்க எடத்துல சாய்வு நாற்காலி இருக்கு. டிவி இருக்கு. திருமதி அர்போலேடா கடலை தர்றாங்க. பத்து முடியட்டும். பத்து முடிஞ்சதும் யோசிக்கறேன். உங்கக்கா சென்டாகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. அதற்காகவும் என்னை மன்னிக்கவில்லை.

பத்தாவது பாட்டில் எங்கள் நிலையத்தில் ஒரு திருவிழா. குடும்பம் நூடுல்ஸும் ஊதா வள்ளிக்கிழங்கு கேக்கும் கொண்டுவரும். ஊசி ஏறியபின் நோயாளி மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்ல வேண்டும்: முன்பு இப்படி இருந்தேன், இப்போது இப்படி இருக்கிறேன். கேட்பவர்கள் ஒவ்வொரு வரிக்கும் கை தட்டுவார்கள். புதிதாக வந்தவர்களை அன்றைக்குத்தான் கூப்பிடுவார் டாக்டர். நான் இதுவரை நூறு சாட்சிகளாவது கேட்டிருப்பேன். ஒருவர்கூட "அப்படியேதான் இருக்கு" என்று சொன்னதில்லை. மைக்கைப் பிடித்தவுடன் மனிதர்களுக்கு நன்றாகிவிடுகிறது.

அன்று காலை வாசல் கதவிலிருந்து நாற்காலி வரை டூலோ அண்ணன் வருவதை எண்ணினேன். இருபத்திரண்டு அடி. மூன்று தடவை நின்றார். முதல் தடவை மீன்தொட்டியைப் பார்ப்பது போல. இரண்டாவது தடவை செருப்பைச் சரிசெய்வது போல. மூன்றாவது தடவைக்கு அவரிடம் நடிப்பு மிச்சமில்லை, சும்மா நின்றார்.

பட்டை கட்டும்போது கை ஈரமாக, குளிர்ந்து இருந்தது.

"வலி இருக்கா?"

"விடியறப்போலேந்து. தாடை வரைக்கும் வருது. கொஞ்சந்தான்."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஏய். சென்டா காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு நூடுல்ஸ் கிண்டினா. கேக் வெட்டிட்டுப் போலாம். ஃபெமி, நீ குத்து. கெஞ்சிக் கேக்கறேன், இன்னிக்கு சண்ட வேணாம்."

குத்தினேன். இதை எழுதும்போதும் என் கட்டைவிரலில் அந்த நரம்பு தெரிகிறது. மிகச் சுலபமாக ஏறியது.

டாக்டரிடம் ஓடினேன். அவர் புதிதாக வந்த ஒரு தம்பதிக்கு நிலையத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். காதருகே சொன்னேன். "விஷம் கெளம்பும்போது அப்படித்தான், மிஸ் ஃபெமி," என்றார், அவர்களுக்கும் கேட்கும்படி. "பத்தாவதுல உடம்பு ஒரு உலுக்கு உலுக்கும். நல்ல அறிகுறி." தம்பதி மரியாதையோடு தலையசைத்தார்கள்.

அதற்குள் அக்கா மைக்கை டூலோ அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள். மஞ்சள் உடை, உதட்டுச் சாயம். வரியை அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் மடியில் அந்தத் தாள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார். "நான் தியோடுலோ. ஜீப்னி டிரைவர். முன்னாடி... முன்னாடி என்னால..."

நிறுத்தினார். வாய் மைக்கை ஒட்டியிருந்தது. ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சு வந்தது. கூடம் முழுக்க வந்தது. ஈரமான, மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், அடி எடுத்து வைக்க இடம் கிடைக்காத மூச்சு. டிவி அணைந்திருந்ததால் வேறு சத்தமே இல்லை.

"சொல்லுங்க டூலோ! வெக்கப்படறாரு பாரு," என்று திருமதி அர்போலேடா கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"முன்னாடி என்னால மாடிப்படி... ஏற..."

மறுபடியும் மூச்சு. ஒலிபெருக்கி அதைத் துளி விடாமல் வாங்கிப் பரப்பியது. மறுபடியும் கைதட்டல். என் அக்கா தட்டவில்லை. அவள் கை பாதி தூரத்தில் நின்றிருந்தது. அவளுக்குக் கேட்டுவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்தில் படுத்து இரவெல்லாம் கேட்டிருந்தாலும், அவ்வளவு பெரிதாகக் கேட்டது அன்றுதான்.

நான் போய்ச் சொட்டை அடைத்தேன். பிளாஸ்டரைப் பிய்த்தேன். ஊசியை உருவினேன். அவசரத்தில் பஞ்சை அழுத்தத் தவறினேன். ரத்தம் கேக்கின் மேல், அக்காவின் மஞ்சள் உடையின் மேல் தெறித்தது. மைக் இன்னும் திறந்திருந்தது. நான் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"இதுல ஒண்ணும் இல்ல. இந்தப் பாட்டிலால இந்த மனுஷனுக்கு ஒண்ணும் ஆகல. உங்க யாருக்கும் ஆகல. அந்தச் சிவப்புத் தாள் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. ஒன்பது வருஷமாக் குத்தினவ சொல்றேன். வாத்தியார் அபியோக் செத்தது உங்களுக்கு ஞாபகம் இல்லயா?"

அக்கா என்னை அறைந்தாள். அந்தச் சத்தமும் ஒலிபெருக்கியில் வந்தது.

"சனியனே! பத்தாவது பாட்டில்ல கைய வெச்சியே! அவரக் கொல்லவா வந்த?"

"அந்த மைக்க அணைங்க," என்றார் டாக்டர், முதன்முறையாகச் சிரிக்காமல். திருமதி அர்போலேடா, "வெக்கங்கெட்டவ, ரத்தத்தக் காட்டி மிரட்டறா," என்றார். யாரோ என் மேல் கடலைத் தோலை எறிந்தார்கள். கிளாரிட்டா புது ஊசியோடு வந்து நின்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போது டூலோ அண்ணன் மைக்கை மடியில் வைத்தார். எழுதிக் கொடுத்த தாளை நான்காக மடித்தார்.

"சென்டா," என்றார். "இஞ்சின் போச்சு. இனிமே தொடைக்க முடியாது."

அவர் எழுந்து நிற்க முயன்றார். நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. நான்கு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. வாசலில் நின்ற முச்சக்கர வண்டியில் அவரை ஏற்றினேன். அக்கா பின்னால் இன்னொரு வண்டியில் வந்தாள். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டும் குரல், இயந்திர இரைச்சலுக்கு மேலாக, கேட்டுக்கொண்டே வந்தது. டூலோ அண்ணன் என் கையைப் பிடித்திருந்தார். "பயமா இருக்கு," என்றார். "எனக்குந்தான்," என்றேன்.

மாரடைப்பு ஆரம்பமாகியிருந்தது. மூன்றாம் நாள் நெஞ்சைத் திறந்தார்கள். ஐந்து மணி நேரம். நானும் அக்காவும் ஒரே வராந்தாவில், இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஜெபமாலை உருட்டினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே ஒரு விஷயம் யோசித்தேன். அந்த ஊசியை நான் உருவியது அவருக்காகவா? பின்கட்டில் அவள் கேட்ட கேள்விக்குப் பதிலாகவா? உள்ளே இருப்பவர் செத்துப்போனால், நான் சொன்னது சரியென்று ஆகும். அப்படி ஒரு நினைப்பு, ஒரு நொடி, எனக்குள் வந்துவிட்டுப் போனது. எலும்பில் படிந்தது கிளம்பியது போல. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் பிழைத்தார்.

வேலை அன்றைக்கே போயிருந்தது. அதில் ஆச்சரியமில்லை. ஆறு வாரம் கழித்துப் புது ரத்தத்தின் வாசல் வழியாக நடந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் டூலோ அண்ணனின் பெரிய படம் மாட்டியிருந்தது. கையில் மைக். அடியில் எழுதியிருந்தது: பத்து பாட்டில்களால் வலுப்பெற்ற இதயம், கடினமான அறுவையையும் வென்றது.

அது டாக்டரின் வாக்கியம் என்று நினைத்தேன். அக்காவின் வாக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது. சந்தையில் கருவாடு நிறுத்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்கிறாளாம்: "ரத்தம் சுத்தமா இருந்ததாலதான் தாங்கினாரு. ஆஸ்பத்திரி டாக்டரே அசந்துட்டாரு. பத்தாவத முழுசா ஏத்தியிருந்தா அறுக்கவே வேண்டியிருந்திருக்காது. என் தங்கச்சிதான் பாதியில புடுங்கிட்டா."

நன்றி பூசை வைத்து விருந்து கொடுத்தாள். டாக்டர் மோன்டெமார் தலைமை விருந்தாளி. என்னை அழைக்கவில்லை. போனேன். வேலிக் கதவுக்கு வெளியே, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நின்றேன். சாப்பிடப் போகவில்லை; அவர் நடப்பதைப் பார்க்கப் போனேன்.

விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். அக்கா வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் பொட்டலம் கொடுத்தாள். எங்கள் ஊரில் விருந்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அது அவமானம். எதிரிக்குக்கூட ஒரு துண்டு கேக்காவது மடித்துக் கொடுப்பார்கள். டாக்டருக்கு மூன்று பொட்டலம். திருமதி அர்போலேடாவுக்கு இரண்டு. கிளாரிட்டாவுக்கு ஒன்று. அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மிச்சமிருந்த பொட்டலத்தை நாய்க்குப் பிரித்து வைத்தாள்.

நான் திரும்பினேன்.

"ஃபெமி, நில்லு."

டூலோ அண்ணன் சமையலறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. நடுநெஞ்சில் நீளமாகச் சிவந்த தழும்பு. கையில் வாழை இலையால் மூடிய பீங்கான் தட்டு. அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். எண்ணினேன். பத்து. பதினைந்து. இருபத்திரண்டு. முப்பது. மீன்தொட்டி எதையும் பார்க்கவில்லை, செருப்பைச் சரிசெய்யவில்லை. முப்பத்தாறாவது அடியில் என்னிடம் வந்து நின்றார். மூச்சு மூக்கு வழியாக, சத்தமில்லாமல், போய் வந்துகொண்டிருந்தது.

"சேம்பிலை," என்றார். "காரம் ஜாஸ்தி. எனக்குத் தர மாட்டேங்கறா."

"அக்கா குடுக்கச் சொன்னாளா?"

"இல்ல."

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. சந்தைக் குரல், தெருக்கோடி வரை கேட்கும் குரல்.

"அந்தத் தட்டு சீர்வரிசைத் தட்டு! தின்னுட்டுக் கழுவிக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க அவள! உள்ள வரக் கூடாது!"

டூலோ அண்ணன் தோளைக் குலுக்கினார். திரும்பி நடந்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் கதவுக்குள் போகும் வரை எண்ணிக்கொண்டே நின்றேன்.